சகலையின் ஸ்கூட்டர் சினையான வருஷம்

சகலையின் ஸ்கூட்டர் சினையாக இருக்கிறது என்பதை வேப்பங்காட்டுவலசில் முதன்முதலாகத் தெரிந்துகொண்டவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சென்னியப்பன்தான், அதில் வியக்க ஒன்றுமில்லை, ஏனென்றால் ஒரு பொருளின் மேல் பொறாமைப்பட்டவன் அதை உற்றுப் பார்க்கிற மாதிரி அதை வாங்கியவன்கூடப் பார்க்கமாட்டான், போதாக்குறைக்கு இருபது வருஷமாக நாலு ஊர் மாடுகளின் வயிற்றைத் தடவிப் பழகிய கை அவருடையது. மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாமனார் வீட்டுக் கட்டுத்தரையில் மயிலைப் பசுவுக்கும் செவலைக் கிடாரிக்கும் நடுவில் நின்றிருந்த அந்த மாங்கொழுந்துப் பச்சை நிற இத்தாலி ஸ்கூட்டரை வழக்கம்போலத் துடைத்துக்கொண்டிருந்தவர், இடப்பக்கத் தகரம் வலப்பக்கத்தைவிட நாலு விரற்கடை புடைத்திருப்பதைக் கண்டு, துணியைத் தோளில் போட்டுவிட்டு உள்ளங்கையை அதன் அடியில் வைத்து மூச்சை அடக்கி நின்றார். என்ஜின் அணைந்திருந்தது, பெட்ரோல் குழாய் மூடியிருந்தது, ஆனாலும் உள்ளே இருந்து ஏதோ இரண்டு தரம் உதைத்தது. "அஞ்சு மாசம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டவருக்கு ஆச்சரியம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. இவனுக்கு மட்டும் வாங்கிப்போட்டதெல்லாம் பெருகுகிறதே என்று நினைத்தார்.

இவன் என்றால் தெய்வசிகாமணி, சென்னியப்பனின் மனைவி நாச்சாயாளுக்கு நேர் இளையவளைக் கட்டியவன், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவன். அவன் வருகிற வரைக்கும் பதினொரு வருஷம் மாமனார் அர்த்தனாரி வீட்டுக்குச் சென்னியப்பன் ஒருவர்தான் மாப்பிள்ளை. நோம்பி பண்டிகை நாளில் முதல் இலை அவருக்குத்தான் விழும், மாமியார் நெய்ச்சொம்போடு பக்கத்திலேயே நிற்பார், அவர் கை கழுவிய பிறகுதான் மாமனார்கூட உட்காருவார், உள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து சைக்கிளில் ஊசிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிற ஒரு மனிதனுக்கு உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத ராஜமரியாதை அது. சின்ன மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து அந்த மரியாதை ஒரு பிடி ஒரு பிடியாகக் குறைந்துகொண்டு வந்ததை அவரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. தெய்வசிகாமணி கெட்டவனாகவோ திமிர் பிடித்தவனாகவோ இருந்திருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும், திட்டியாவது தீர்த்துக்கொண்டிருப்பார், ஆனால் அவனோ பார்த்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணா அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். நல்லவன் மேல் பொறாமைப்படுகிற கஷ்டம் எதிரிக்கும் வரக்கூடாது.

ஸ்கூட்டர் வந்தது புரட்டாசியில். தெய்வசிகாமணியிடம் பனியன் வாங்குகிற இத்தாலிக்காரர் ஒருவர் பிரியப்பட்டு அனுப்பிவைக்க, கப்பலேறி, கொச்சித் துறைமுகத்தில் மூன்று மாதம் கிடந்து, லாரியில் காங்கேயம் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் ஒரு பெரிய மரப்பெட்டியாக மாமனார் வீட்டு வாசலில் இறங்கியது. திருப்பூரில் கண் அதிகம், பத்து அடிக்கு ஒரு பனியன் கம்பெனி, ஒவ்வொருவன் பார்வையும் ஒரு மாதிரி என்று அதை அங்கே நிறுத்த அவனுக்கு மனசு வரவில்லை. பெட்டியைப் பிளந்தபோது முதலில் வந்தது வைக்கோல், நம்மூர் வைக்கோலைவிட மெல்லிசாக, சோம்பு வாசனையோடு, மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அதைத் தின்றன, மிச்சத்தை மாமியார் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டுவைத்தார். உள்ளே ஸ்கூட்டர் மேலிருந்து கீழ்வரை பிசுக்கென்று மசகு பூசிக்கொண்டு நின்றது. அதை மண்ணெண்ணெய் தொட்டு இரண்டு நாள் துடைத்துத் துடைத்து நிறத்தை வெளியே கொண்டுவந்தது சென்னியப்பன்தான், பஞ்சு ஆஸ்பத்திரிப் பஞ்சு. அந்த வண்டி பெட்ரோலோடு எண்ணெய் கலந்து குடிக்கிற ஜாதி, அதற்கான சீமை எண்ணெய் கோயமுத்தூரில்கூடக் கிடைக்கவில்லை, ஆகவே செக்கில் ஆட்டிய ஆமணக்கெண்ணெயை இருபதுக்கு ஒன்று என்று அளந்து ஊற்றிப் பார்த்தார்கள், அது முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு நீலப்புகை விட்டது. நாலு சக்கரம் இல்லாத குறைக்கு இரண்டு சக்கரத்துக்கும் இரண்டிரண்டு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள்.

"ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் ரன்னிங்-இன்னுங்ணா" என்றான் தெய்வசிகாமணி. "அதுவரைக்கும் மெதுவாத்தான் ஓட்டோணும், பின்னால ஆளு ஏத்தப்படாது, ஒரே கைதான் ஓட்டோணுமாம். புது மாட்டப் பழக்கற மாதிரிதானுங். ஆயிரம் ஆகட்டும், மொத ஆளா உங்களத்தான் பின்னால உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவேன்."

"அதுக்கென்னுங் சகலை, பாத்துக்கலாம்" என்றார் சென்னியப்பன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருப்பூரிலிருந்து வந்து இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போகிறவனுக்கு, மற்ற ஆறு நாள் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "பெரிய மாப்பிள்ளை கையிலதான் அது நல்லா இருக்கும்" என்று மாமனார் சொல்லிவிட்டார், சொன்னதில் பெருமைதான் இருந்தது, சென்னியப்பன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. மூத்த மாப்பிள்ளை இளைய மாப்பிள்ளையின் வண்டியைத் துடைப்பதா என்று அன்று முழுக்கக் குமைந்தார், மறுநாள் விடிந்ததும் துடைக்கப் போனார். அதன்பிறகு தினமும் துடைத்தார், வாரம் இரண்டு தரம் ஒருபக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி உதைத்து ஸ்டார்ட் செய்தார், பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், புகைக்குழாயில் கரி அடைத்தபோது வறட்டி மூட்டத்தில் சுட்டுத் தட்டினார், ஓட்டுவது ஒன்றைத் தவிர அதற்குச் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தார். செய்யச் செய்யப் பொறாமையோடு பிரியமும் சேர்ந்துகொண்டது, பெட்ரோலில் ஆமணக்கெண்ணெய் கலந்த மாதிரி, கலந்தபிறகு எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

சினை என்ற செய்தி டீக்கடைக்குப் போய்ச் சேர ஒரு மணிநேரம் ஆனது. டீக்கடை மாரப்பன் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தார்.

"ஏனுங் கம்பவுண்டரே, நெசமாலுமா?"

"கைய வெச்சுப் பாருங்."

மாரப்பன் கையை வைத்தார், உதை வாங்கிக்கொண்டார், "தலைச்சன் ஈத்தா? பக்குவமாப் பாத்துக்கோணும்ங், எண்ணெயக் கொஞ்சம் சேத்து ஊத்துங்" என்று யோசனை சொல்லிவிட்டுப் போய், போகிற வழியில் இரண்டாவது ஈத்துக் கன்று தனக்குத்தான் என்று சொல்லிவைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஆறாவது ஈத்து வரைக்கும் ஆள் பேசியாகிவிட்டது. பெண்கள் தூக்குப்போசியில் ஆமணக்கெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார்கள், மசக்கை காலத்தில் மண்ணெண்ணெய் வாடை ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரி தன் ஸ்டவ்வைக் கொல்லைப்புறம் மாற்றினாள், கட்டுத்தரையில் யாரும் சத்தமாக ஹாரன் அடிக்கக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். காளை எது என்ற கேள்வியும் வரத்தான் செய்தது. ஐப்பசியில் காங்கேயத்துக் கல்யாணம் ஒன்றில் ஒரு பகல் முழுக்க ஸ்கூட்டர் புளியமரத்தடியில் சப்-இன்ஸ்பெக்டரின் மோட்டார் சைக்கிளோடு ஒட்டி நின்றதைப் பார்த்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். விஷயம் சப்-இன்ஸ்பெக்டர் காதுக்குப் போனபோது அவர் கோபப்படவில்லை, வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, மீசையைத் தடவிக்கொண்டு, "கன்னு போட்டா சொல்லி அனுப்புங்கய்யா" என்றார். புதன்கிழமை மட்டும் வருகிற மாட்டு டாக்டர் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இனம் என்ற கட்டத்தில் சீமை என்றும், நிறம் என்ற கட்டத்தில் பச்சை என்றும், ஆடி கடைசிக்குள் ஈனும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பக்கத்தில் ஒருவர் மாட்டை இன்னொருவர் வைத்து வளர்த்தால் முதல் கன்று வளர்த்தவருக்குப் போகும், அது எழுதாத வழக்கம். ஆனால் மாட்டைக் கைமாற்றும்போது நாலு பேர் முன்னால் "வாரத்துக்கு விட்டிருக்கேன்" என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இங்கே அந்த வார்த்தை யாரும் சொல்லவில்லை, யாருக்குத் தோன்றும், ஸ்கூட்டர் கன்று போடும் என்று. "இருந்தாலும் மொதக் கண்ணு கம்பவுண்டருக்குத்தானுங்" என்று டீக்கடையில் சொன்னார்கள். சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து டம்ளரை உருட்டிக்கொண்டு, "அட நமக்கெதுக்குங்க" என்றார், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன் கன்றின் மேல் தான் உட்கார்ந்து போவதை நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

அப்புறம் அவர் காத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெய்வசிகாமணி வந்தான், தகரத்தைத் தடவினான், "உங்க கைராசிதானுங்ணா" என்றான், கன்று யாருக்கு என்பதை மட்டும் பேசவில்லை. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. நிறைமாதம் என்று ஓட்டுவதை நிறுத்தியபோது மீட்டரில் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆகியிருந்தது. கேட்டால் கொடுத்துவிடுவான் என்பது சென்னியப்பனுக்குத் தெரியும், அதனாலேயே அவரால் கேட்க முடியவில்லை.

"உங்களுக்கு வேணும்னா வாயத் தொறந்து கேளுங்களே" என்றாள் நாச்சாயாள்.

"அவங்கிட்ட நான் பிச்சை கேக்கோணுமா?"

"உங்க வயித்துல இருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காதீங்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஆடிப் பதினெட்டு அன்று நோம்பிக்கு இரண்டு மாப்பிள்ளைகளும் மாமனார் வீட்டில் இருந்தார்கள். காலையிலிருந்தே ஸ்கூட்டர் நிலைகொள்ளாமல் முன்சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது, சாயங்காலம்தான் ஆகும் என்று சென்னியப்பன் பார்த்துச் சொல்லியிருந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் அது நடந்தது, மாமியார் அவசரத்திலோ மறதியிலோ முதல் இலையைச் சின்ன மாப்பிள்ளைக்கு முன்னால் விரித்தார். "பஸ்ஸுல பசியோட வந்திருக்கறாரு" என்று தானாகவே ஒரு சமாதானமும் சொன்னார். தெய்வசிகாமணி பதறிப்போய் இலையை அண்ணன் பக்கம் தள்ளினான், தள்ளியதுதான் இன்னும் மோசம், பிச்சையாக வந்த முதல் இலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. "இருக்கட்டும்ங் சகலை" என்று சிரித்தபடி இரண்டாவது இலையில் தண்ணீர் தெளித்த சென்னியப்பனுக்கு உள்ளே உடம்பெல்லாம் எரிந்தது.

பருப்புச் சோறு முடிந்து ரசத்துக்கு வந்த நேரம் கட்டுத்தரையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சாவி போடாத என்ஜின் தானாக உறுமி, திணறி, அடங்கி, மறுபடி உறுமியது. தெய்வசிகாமணி கையை உதறிக்கொண்டு அப்படியே எழுந்து ஓடினான், மாமனார் ஓடினார், வீடே ஓடியது. சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது, கன்று குறுக்கே கிடக்கிறது, கைப்பிடி பின்னால் மடங்கி விலாவில் இடிக்கிறது, கையை உள்ளே விட்டுத் திருப்பினால்தான் வரும், திருப்பத் தெரிந்த கை இந்த ஊரில் ஒன்றுதான், அந்தக் கை இப்போது ரசத்தில் இருக்கிறது. இலையில் உட்கார்ந்தவரை எழுப்புவது பாவம், அதுவும் நோம்பி நாளில் மாப்பிள்ளையை எழுப்புவது அந்த வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம், ஆகவே மாமனார் வாசற்படி வரை வந்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, கைகளைப் பிசைந்தபடி நின்றார். அவர் அப்படி நின்றதைப் பார்க்கச் சென்னியப்பனுக்கு இனித்தது, பதினைந்து வருஷத்தில் இவ்வளவு மரியாதையாக யாரும் அவர் முன்னால் நின்றதில்லை. ரசத்தோடு எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். பிறகு இனிப்புக்கு ஒப்புட்டு கேட்டார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புட்டு வைத்து நெய் ஊற்றினார். இன்னொன்று கேட்டார். மோருக்குச் சோறு கேட்டார், நார்த்தங்காய் கேட்டார். கட்டுத்தரையில் உறுமல் இருமலாகி, இருமல் விக்கலானது.

நாச்சாயாள் சோற்றுக் கரண்டியோடு வந்து அவர் எதிரே குனிந்தாள். அவர் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு, மற்ற யாருக்கும் கேட்காத குரலில், "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?" என்றாள்.

அவர் இலையை மடித்துவிட்டு எழுந்து ஓடினார். கையைக்கூடக் கழுவவில்லை, நெய்ப்பிசுக்கோடு அப்படியே மண்டியிட்டு, இடப்பக்கத் தகரத்தைத் தூக்கி, முழங்கை வரை உள்ளே விட்டுத் தேடினார், மடங்கிக் கிடந்த குட்டிக் கைப்பிடி விரலில் தட்டுப்பட்டது, வழுக்கியது, மறுபடி பிடித்தார், தள்ளித் திருப்பி, முன்னால் கொண்டுவந்து, "முக்குடா சாமி, முக்கு" என்று தாயைத் தட்டிக்கொடுத்து இழுத்தார். ஆமணக்கெண்ணெய் குடம் உடைந்த மாதிரி கொட்டி, அதோடு கன்று வந்து வைக்கோலில் விழுந்தது. அதே மாங்கொழுந்து நிறம், டீத்தட்டு அகலத்தில் இரண்டு சக்கரம், நெற்றியில் கண்ணாடி கட்டைவிரல் பருமன். சுற்றி நின்றவர்கள் குலவையிட வாயெடுத்தார்கள், சென்னியப்பன் கையை உயர்த்தினார். கன்று அசையவில்லை. அவர் அதைத் தலைகீழாகத் தூக்கித் தட்டினார், புகைக்குழாயில் வாயை வைத்து ஊதினார், ஊதி ஊதி உதடெல்லாம் கருப்பானது, பிஞ்சு பிளக்கைத் துடைத்துத் துடைத்துப் போட்டு விரலால் உதைத்துப் பார்த்தார். ஒரே ஒரு தரம் நீலமாய் ஒரு துளிப் புகை வந்தது, அவ்வளவுதான். கால்மணி நேரம் முன்னால் என்றால் பிழைத்திருக்கும். அவர் கன்றை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"பெத்த புள்ளைக்கு அழற மாதிரி அழறாரே" என்றார் மாரப்பன். "என்ன பாடுபட்டாரு மனுசன்."

தெய்வசிகாமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தான், உள்ளங்கை நீளத்தில் ஒரு நம்பர் தகடு, கறுப்பு வண்ணத்தின்மேல் வெள்ளை எழுத்தில் சென்னியப்பன், கம்பவுண்டர், வேப்பங்காட்டுவலசு என்று எழுதியிருந்தது.

"கண்ணு உங்களுக்குத்தானுங்ணா. மாசியிலேயே நானும் மாமாவும் பேசி வெச்சுட்டோம். நோம்பிச் சாப்பாட்டுல எல்லாரு முன்னாலயும் கையில குடுக்கலாம்னு எழுதி வாங்கிட்டு வந்தேன்" என்று சொல்லி அந்தத் தகட்டை அவர் மடியில் வைத்தான்.

சென்னியப்பனுக்கு அழுகை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தார், கூட்டத்துக்குப் பின்னால் நாச்சாயாள் கரண்டியோடு நின்றிருந்தாள்.

கம்பிகளும் குழாய்களுமாக விழுந்த நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டி, மாடுகளுக்குச் செய்கிறபடியே ஊர் எல்லை ஆலமரத்தில் தொங்கவிட்டார்கள். மறுநாளிலிருந்து ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. சாய்த்தாலும் உதைத்தாலும் தள்ளினாலும் ஆகவில்லை, கோயமுத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் மூன்று நாள் பிரித்துப் போட்டுக் கோத்துவிட்டு, வண்டியில் குறை ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார். "கண்ணுக்குட்டிய இழந்த மாடு பால் எறக்குமா" என்றார் மாமியார். ஆகவே கன்று செத்த மாட்டுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள், அதைச் செய்யத் தெரிந்தவரும் அந்த ஊரில் ஒருவர்தான். சென்னியப்பன் குட்டித் தகரத்தை மெல்லப் பிரித்தெடுத்து, பரண்மேல் இருந்த இத்தாலி வைக்கோலை உள்ளே திணித்து, கம்பியால் தைத்து நிறுத்தினார், சோம்பு வாசனைக்கு மயங்கி அதைத் தன் பிள்ளை என்று தாய் நம்பவேண்டுமே. நெற்றியில் நம்பர் தகட்டைக் கட்டினான் தெய்வசிகாமணி. கொண்டுவந்து முன்னால் காட்டியதும் ஒரே உதையில் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆனது. கன்றை எடுத்துக்கொண்டு போனால் நின்றுவிட்டது. வேறு யார் தூக்கி வைத்துக்கொண்டாலும் நின்றுவிட்டது, முதன்முதலில் கன்றைத் தொட்ட கையின் வாசனை அதற்கு வேண்டியிருந்தது. வேறு வழியில்லை, அந்தக் கை வண்டியோடேயே வரவேண்டும்.

மாமியார் அதன்பிறகு ஒரு நோம்பிகூட மறக்காமல் முதல் இலையைப் பெரிய மாப்பிள்ளைக்கே போட்டார். அவர் இரண்டு வாய்க்குமேல் சாப்பிட்டதில்லை.

பின்னால் ஆள் ஏற்றக்கூடாத மிச்சக் கிலோமீட்டருக்கெல்லாம் சென்னியப்பன் வைக்கோல் கன்றை அணைத்துக்கொண்டு சைக்கிளில் முன்னால் போனார், புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் கிலோமீட்டர் ஆனது. தெய்வசிகாமணி வண்டியைச் சாய்த்து நிமிர்த்தி, பின் இருக்கையைத் தன் துண்டால் துடைத்து, "மொத ஆளா உங்களத்தான்னு சொல்லியிருந்தனல்லங்ணா, ஏறுங்" என்றான். சென்னியப்பன் வைக்கோல் கன்றை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேரும் காங்கேயம் ரோட்டில் ஆமணக்குப் புகை மணக்க மணக்கப் போனார்கள், டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சகலைகள் என்றால் இப்படி இருக்க வேண்டும், தாயும் பிள்ளையுமாக வண்டி, அதில் அண்ணனும் தம்பியுமாக இவர்கள் என்று பேசிக்கொண்டார்கள், மாரப்பனுக்குப் பொறாமை தாங்கவில்லை. "சீமை வண்டியில நோகாமப் போறாரு பாருங், குடுத்து வெச்ச மனுசன்" என்று அவர் உரக்கச் சொன்னது சென்னியப்பன் காதில் விழுந்தது.

முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவன் திரும்பாமலேயே கேட்டான். "சௌகரியமா உக்காந்திருக்கறீங்களாண்ணா?"

"உக்காந்திருக்கறேன்ங். நீங்க ஓட்டுங்" என்றார் சென்னியப்பன், தன் பெயர் எழுதிய நெற்றி தாய்க்குத் தெரியும்படி கன்றைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.